படகு நீலத்தில் ஒரு கைத்தடம்

நெரேய்தா உள்ளே வந்தபோது அகாபித்தோவின் ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது. மறு கன்னத்தில் இன்னும் நுரை இருந்தது. யோர்தான்கா சவரக்கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றாள். கைபாரியென் என்ற அந்தக் கடலோர ஊரில் வடக்குக் காற்று பிடித்துவிட்டால் காரணமில்லாமல் யாரும் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்கள். கடல் கரைச்சுவரில் மோதித் தெருவுக்குள் உப்புத் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வந்தவள் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள்.

"அகாபித்தோ அண்ணே, ரிகோவைப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. கொலைங்கறாங்க."

"உக்காரும்மா. யோர்தான்கா, இந்தப் பக்கத்தையும் சீக்கிரம் முடி. பாதி மூஞ்சியோட ஒருத்தர் கஷ்டத்தைக் கேக்கறது மரியாதை இல்ல."

அவர் எப்போதும் அப்படித்தான். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். மாகாணக் குற்றப் பிரிவில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யோர்தான்கா அவருடைய தங்கை மகள். வீட்டு முன்னறையில் ஊர்ப் பெண்களுக்கு முடி வெட்டிச் சாயம் பூசுவாள். மாமாவிடம் யாராவது வழக்கு என்று வந்துவிட்டால் கத்தரிக்கோலை எறிந்துவிட்டுப் பின்னாலேயே ஓடுவாள். யாரும் அவளை அந்த வேலைக்கு வைக்கவில்லை. வேண்டாமென்று சொல்லும் தைரியமும் யாருக்கும் இல்லை.

நெரேய்தா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு சொன்னாள். எலியேசர் செத்த கதை ஊருக்கே தெரியும். நேற்று காலை அவனுடைய நீலச் செவ்ரோலே கார், தீவுக்குப் போகும் கல் பாலத்தில், வளைவில் நிற்காமல் சுவரை உடைத்துக்கொண்டு கடலில் விழுந்தது. பிரேக் பிடிக்கவில்லை. முன் சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப்பின் நட்டை யாரோ தளர்த்தி வைத்திருந்தார்கள். எலியேசர் வீட்டு வாசல் சாக்கடையில், அந்தக் கார் எப்போதும் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு ஸ்பேனர் கிடைத்தது. அதில் மெக்கானிக் ரிகோவின் பெயரெழுத்து வெட்டியிருந்தது. ரிகோ நெரேய்தாவின் கணவன்.

"பிரேக் வேலை பாத்தது அவர்தான். ஸ்பேனரும் அவரோடது. போதாதா? முந்தாநாள் சாயங்காலம் கரண்ட் போனப்ப எங்கே இருந்தேன்னா, ஐஸ் ஃபேக்டரில தனியா பம்ப் ரிப்பேர்ங்கறார். சாட்சி யாருமில்ல. அண்ணே, அவர் ஈ எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கற ஆளு!"

"எலியேசருக்கு விரோதி யாராச்சும் உண்டா?"

"இருக்கானே, படகுக்கார ஃபெர்மின்!" நெரேய்தா வாயைத் திறப்பதற்குள் யோர்தான்கா பாய்ந்தாள். "நேத்து காலைலகூட ரெண்டு பேரும் தெருவே கேக்கற மாதிரி கத்திக்கிட்டாங்க மாமா. 'இந்தக் கார் ஒரு நாள் உன்னைக் கடல்ல கொண்டுபோய்த் தள்ளும்'னு ஃபெர்மின் சாபம் விட்டான். அது அரைமணி நேரத்துல பலிச்சிடுச்சு!"

"எதுக்குச் சண்டை?"

"பெயிண்டுக்குத்தான்," என்றாள் நெரேய்தா. "கார்ல ஃபெர்மின் புதுசா அடிச்ச படகுப் பெயிண்ட் காலைல பாத்தா சுருங்கிப் போயிருந்துச்சாம், மட்கார்டுல. நல்லா ஏமாத்தறான்ணே அவன். மிச்சப் பெயிண்டை எலியேசர் தெருவுக்கே பங்கு போட்டுக் குடுத்தானே, நாங்களும் பின்கட்டுக் கதவுக்கு அடிச்சோம். அதுவும் இப்ப அப்படித்தான் சுருங்கிக் கிடக்கு. பெயிண்டா அது?"

அகாபித்தோ துண்டை மடித்துத் தோளில் போட்டார். பிறகு தொப்பியை எடுத்தார்.

"உன் புருஷன் வீட்டுக்கு வரணும். அதானே வேணும் உனக்கு?"

"அது ஒண்ணுதான்ணே வேணும்."

"சரி. சாயங்காலம் உன் வீட்டு முற்றத்துக்கு வர்றேன்."

காவல் நிலையத்துப் பின்புறம் அந்தக் கார் நின்றது. முன் கண்ணாடி இல்லை. பம்பரில் கடல்பாசி தொங்கியது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அகாபித்தோ கைக்குட்டையை நனைத்து உப்பைத் துடைத்த இடத்தில் நீலம் பளிச்சென்று முகம் காட்டியது. கடலுக்கென்றே செய்த பெயிண்ட். ஆளை விழுங்கிய கடலால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

"எப்படிப் பாத்துக்கிட்டான் தெரியுமா மாமா இதை?" யோர்தான்கா துடைத்த இடத்தை விரலால் தொட்டாள். "தீவுக்குப் போயிட்டு வந்ததும் மொத வேலை, தொட்டி மழைத்தண்ணியை எடுத்து மேலேருந்து கீழ வரைக்கும் ஊத்துவான். சோப்பு கிடையாது. பழைய சட்டையை வச்சு ஒத்தி ஒத்தி எடுப்பான், தேய்க்கக் கூடாதாம். தார்ப்பாய் போட்டு மூட மாட்டான், ஈரம் அடியில நின்னா கொப்புளம் கட்டும்னு. அன்னிக்கு நான் சும்மா இடுப்பைச் சாய்ச்சேன், அதுக்கு என்ன பேச்சுப் பேசினான்! 'உன் பின்பக்க அச்சு என் கார்ல எதுக்குடி'ன்னு கேட்டான், பாவி."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

இடது முன் மட்கார்டில், சக்கரத்துக்கு மேலே, அந்தத் தழும்பு இருந்தது. காய்ச்சிய பாலின் ஆடைபோலப் பெயிண்ட் சுருங்கி, சில இடங்களில் பிய்ந்து தகரம் தெரிந்தது. காவல் நிலையத்து லெப்டினன்ட் ஒரு காலத்தில் அகாபித்தோவிடம் வேலை கற்றவர். அவர் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உப்புத் தண்ணி பட்டு உரிஞ்சிருக்கும் சார்."

"உப்புத் தண்ணிக்கு விரல் இருக்குதா?"

லெப்டினன்ட் குனிந்து பார்த்தார். யோர்தான்காவும் பார்த்தாள். நான்கு விரல்கள், ஒரு உள்ளங்கை. விரல் நுனிகள் மேல்நோக்கி இருந்தன. உள்ளங்கை அடியில் பெயிண்ட் கீழ்நோக்கி இழுபட்டிருந்தது.

"தரையில கிடந்தவன் எழுந்திருக்கும்போது இப்படித்தான் ஊன்றுவான்," என்றார் அகாபித்தோ. "நட்டை எவ்வளவு தளர்த்தியிருந்தான்?"

"கொஞ்சம்தான் சார். நிக்கும்போது சொட்டுச் சொட்டா வரும். மிதிக்க மிதிக்கத்தான் வேகமா ஒழுகும். ஊருக்குள்ள ஒண்ணும் தெரியாது. பாலத்துல போகும்போது கால் அடியில ஒண்ணுமே இருக்காது."

"எப்பவும் கார்ல யார் யார் போவாங்க?"

"தீவு ஹோட்டல் சமையல்கட்டுப் பொண்ணுங்க ஆறு பேர். நேத்து எலியேசர் ஃபெர்மினோட சண்டை போட்டு நேரமாயிடுச்சு. அதுங்க காத்திருந்து பாத்துட்டு பஸ் ஏறிடுச்சுங்க."

ஏழு சவப்பெட்டி போயிருக்க வேண்டிய தெரு இது என்று யோர்தான்கா நினைத்தாள்.

எலியேசர் வீட்டில் கூட்டம் நிறைந்திருந்தது. அவன் மனைவி மிரெலிஸ் ஆடும் நாற்காலியில் ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். அகாபித்தோ அவளைச் சமையலறைக்கு அழைத்து, காபிப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றச் சொன்னார். கைக்கு வேலை இருந்தால் வாய்க்குத் தைரியம் வரும் என்பது அவர் கணக்கு.

"மிரெலிஸ், அந்தத் தழும்பு எப்ப வந்துச்சு?"

"முந்தாநாள் சாயங்காலம் காரைக் கழுவறப்ப இல்ல. நானே தண்ணி மோந்து குடுத்தேன், பாத்தேன். அப்புறம் கரண்ட் போச்சு, உள்ள வந்துட்டோம். காலைல அவர்தான் பாத்துட்டுக் கத்தினார். உசிர் போற நாள்ல பெயிண்டுக்குச் சண்டை போட்டுட்டுப் போயிருக்கார், பாருங்க."

அவள் அழுதாள். அகாபித்தோ காபி பொங்காமல் பார்த்துக்கொண்டார்.

"பிரேக்குக்கு என்ன ஊத்தி ஓட்டினான்?"

மிரெலிஸ் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினார். இப்ப எதுக்குச் சத்தியம்? மயாமிலேருந்து நாத்தனார் நெஜ பிரேக் ஆயில் அனுப்பினா, ஒரு டப்பா. தெருவுக்குத் தெரிஞ்சா ஆளாளுக்குக் கரண்டி எடுத்துட்டு வந்து நிப்பாங்கன்னு கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சார். ரிகோதான் போன வாரம் பழசை எடுத்துட்டு இதை ஊத்தினார். எங்க மூணு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது."

"ஊத்தும்போது நீ பாத்தியா?"

"பாத்தேனே! மட்கார்டு, கதவு எல்லாத்துக்கும் கம்பளி போட்டு மூடினார். முடிச்சதும் கையை ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். கார் தரையில ஒரு சொட்டு விழுந்ததுக்கு ஒரு வாளித் தண்ணி ஊத்தினார். ஞானஸ்நானம் குடுக்கறியா என் காருக்குன்னு எலியேசர் கேலி பண்ணினார்."

மிச்சம் இருந்த டப்பாவை அவள் துணியில் சுற்றிக் கொடுத்தாள். வெளியே வந்ததும் யோர்தான்கா மாமாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"மாமா, இவளே செஞ்சிருப்பாளோ? கண்ணீர் கொஞ்சம் சட்டுனு வருது."

"புருஷன் செத்த மறுநாள் கண்ணீர் மெதுவாவா வரும்? நடடி."

ஃபெர்மின் கரையில் கவிழ்த்துப் போட்ட படகின் மறைவில் உட்கார்ந்திருந்தான். அவர்களைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டான். பெரிய உடம்பு. பயத்தில் அது இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

"என் நாக்கு அழுகிப் போக! சொன்னது நெஜம்தான் ஐயா. கோவத்துல வந்த வார்த்தை. என் பெயிண்டைக் குறை சொன்னான், தாங்கல."

"பெயிண்ட் மேல குறை இல்லைங்கறே?"

"அதே டின்னுலேருந்துதான் இந்தப் படகுக்கும் அடிச்சேன். தடவிப் பாருங்க! படகுப் பெயிண்ட் காருக்கு வந்தா அது புகுந்த வீட்டுக்கு வந்த பொண்ணு மாதிரி. ஒரு மாசம் பொறுமையா நடத்தணும். தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள இன்னும் இளசுதான். சோப்பு கூடாது, மண்ணெண்ணெய் கூடாது, மெழுகு கூடாது. நல்ல தண்ணில உப்பைக் கழுவினா போதும். எலியேசர் திருட்டுத்தனமா எதையோ போட்டுத் தேய்ச்சிருப்பான்னுதான் நான் சண்டைக்குப் போனேன்."

"தேய்ச்சிருந்தா எங்கெல்லாம் சுருங்கும்?"

ஃபெர்மின் படகின் பெயிண்டைத் தடவிப் பார்த்தான். "தேய்ச்ச இடம் பூராவும்," என்று மெல்லச் சொன்னான்.

"அன்னிக்கே இந்தப் பெயிண்ட் அடிச்ச பலகை ஏதாச்சும் இருக்கா?"

துடுப்பு மாட்டும் பலகை ஒன்றை அவன் கொடுத்தான். அகாபித்தோ அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு சாயங்காலம் நெரேய்தா வீட்டுக்கு வரச் சொன்னார்.

நெரேய்தாவின் வீட்டில் அவளுடைய தம்பி தீர்சோ கதவைத் திறந்தான். மெலிந்த, சாந்தமான முகம். மனைவியைப் பிரிந்த பிறகு அக்கா வீட்டுப் பின்கட்டு அறையில்தான் அவனுக்கு வாசம். முன்பு அவனும் ஒரு காரில் ஹோட்டல் வேலைக்காரர்களை ஏற்றிப் போனவன். இன்ஜின் படுத்ததும் அந்தச் சவாரி எலியேசருக்குப் போய்விட்டது.

"வாங்க ஐயா. அக்கா காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல. நீங்களாவது சொல்லுங்க." நாற்காலியை அவனே துடைத்துப் போட்டான். "அத்தான் மேல பழியைப் போட்டுட்டாங்க. எலியேசர் எப்படி ஓட்டினான்னு ஊருக்கே தெரியும். விளக்கெண்ணெயும் ஷாம்புவும் கலந்து ஊத்தி ஓட்டினா பிரேக் எத்தனை நாளைக்குப் பிடிக்கும்? இதைப் போலீஸ்ல சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க."

"நீயும் அப்படித்தானே ஓட்டினே?"

"எல்லாரும்தான் ஐயா! இந்த ஊர்ல நெஜ பிரேக் ஆயிலை யார் கண்ணால பாத்தா?"

"பின்கட்டுக் கதவைப் பாக்கலாமா? பெயிண்ட் சுருங்கிடுச்சாமே."

"நல்லாப் பாருங்க. அந்த ஃபெர்மின் ஊரையே ஏமாத்திட்டான்."

ரிகோவின் ஸ்பேனர் பெட்டி கிடந்த முற்றத்தைக் கடந்து தீர்சோவே அழைத்துப் போனான். அவன் அறைக் கதவு அந்தக் கார் நீலத்தில் இருந்தது. கதவு முழுக்க வழவழப்பு. தாழ்ப்பாளைச் சுற்றி மட்டும் பெயிண்ட் சுருங்கியிருந்தது. அதற்குச் சற்று மேலே, கதவைத் தள்ளும் இடத்திலும் ஒரு திட்டு. யோர்தான்கா அதைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். அவர் வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே சொன்னார். அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னபடி கேட்டாள். தீர்சோ பக்கத்தில் நின்று, அந்தச் சுருக்கத்தை நகத்தால் நிமிண்டி, "பாருங்க, பாருங்க, எப்படி வருதுன்னு," என்று காட்டிக்கொண்டிருந்தான்.

எல்லோரும் வருவதற்கு முன்னால் அகாபித்தோ நெரேய்தாவைச் சமையலறை வாசலில் நிறுத்தினார்.

"நெரேய்தா, உன் புருஷனைக் கொண்டு வந்துடலாம். ஆனா இந்த வீட்ல ஒருத்தர் திரும்பி வந்தா இன்னொருத்தர் போக வேண்டியிருக்கும்."

யார் என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் யோர்தான்காவுக்குத் திகிலாக இருந்தது. நெரேய்தா சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"எல்லாரையும் கூப்பிடுங்கண்ணே," என்றாள்.

மிரெலிஸ் கறுப்பு உடையில் வந்தாள். ஃபெர்மின் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தான். லெப்டினன்ட் நின்றார். தீர்சோ எல்லோருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டுக் கடைசியாகத் தான் உட்கார்ந்தான். முற்றத்து மதிலுக்கு மேலே காற்று ஊளையிட்டது.

அகாபித்தோ ஃபெர்மினின் பலகையை மேஜையில் வைத்தார். விளக்கெண்ணெயையும் ஷாம்புவையும் ஒரு கோப்பையில் கலந்து, விரலால் தொட்டுப் பலகையின் இடது ஓரத்தில் வைத்தார். டப்பாவிலிருந்து வேறொன்றை ஒரு குச்சியால் எடுத்து வலது ஓரத்தில் தடவினார். பிறகு உட்கார்ந்து காபி கேட்டார்.

"என்ன சார் இது?" என்றார் லெப்டினன்ட்.

"பொறு. காபி ஆறிடும்."

காபி குடித்தார்கள். அவர் மட்டும் ருசித்துக் குடித்தார். அவர் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். எலியேசர் காரின் பிரேக்கில் என்ன இருந்தது? தனக்குத் தெரியாது என்றான் ஃபெர்மின். விளக்கெண்ணெயும் ஷாம்புவும் என்றான் தீர்சோ, தயங்காமல். மிரெலிஸ் தலையை ஆட்டினாள்.

"இல்ல. மயாமி ஆயில். நெஜ ஆயில்."

தீர்சோ அவளைத் திரும்பிப் பார்த்தான். அவன் கோப்பை சாசரில் ஒருமுறை தட்டியது.

"இப்ப பலகையைப் பாருங்க," என்றார் அகாபித்தோ.

எண்ணெய் வைத்த இடத்தை அவர் துடைத்தார். நீலம் அப்படியே இருந்தது. மறு ஓரத்தில் பெயிண்ட் உயிருள்ளது போலச் சுருண்டு எழும்பிக்கொண்டிருந்தது. ஃபெர்மின் எழுந்தே விட்டான்.

"அட கடவுளே! அப்ப என் பெயிண்ட் மேல குத்தமில்ல!"

"உன் பெயிண்ட் மேல குத்தமில்ல. நெஜ பிரேக் ஆயிலுக்குப் பெயிண்டைத் தின்னற குணம் உண்டு. அதுவும் இளம் பெயிண்டுன்னா கேக்கவே வேணாம். வேற ஊரா இருந்தா வண்டி வேலை தெரிஞ்ச எவனும் அந்தக் கையோட பெயிண்டைத் தொட மாட்டான். நம்ம ஊர்ல எல்லாரும் விளக்கெண்ணெய்க்குப் பழகின கை. அது பெயிண்டை ஒண்ணும் செய்யாது. அதனால நட்டைத் தளர்த்தினவன் கையில ஒழுகினதைப் பத்திக் கவலையே படல. மட்கார்டுல ஊன்றி எழுந்தான், போயிட்டான்."

"ரிகோவுக்கு அது நெஜ ஆயில்னு தெரியுமே சார்," என்றார் லெப்டினன்ட் மெதுவாக.

"அதேதான். தானே ஊத்தினவன். கம்பளி போட்டு மூடினவன், கையை ரெண்டு தடவை கழுவினவன். அவன் இந்தக் கையை அங்கே வைப்பானா? வச்சவனுக்கு அது நெஜ ஆயில்னே தெரியாது." அகாபித்தோ கோப்பையைக் கீழே வைத்தார். "அந்தக் கையோட அவன் தன் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தான். அந்தக் கதவும் அதே டின்னு பெயிண்ட். அது அவன் கெட்ட நேரம். காலைல எழுந்து பாத்தான், சுருங்கியிருக்கு. தெருவுல எலியேசர் ஃபெர்மினைத் திட்டற சத்தம் கேக்குது. இவனும் பெயிண்ட் மோசம்னு நம்பிட்டான். என்னையே கூட்டிட்டுப் போய்க் காட்டினான்."

எல்லோர் தலையும் நீலக் கதவின் பக்கம் திரும்பியது. ஸ்பேனர் எந்த வீட்டு முற்றத்துப் பெட்டியிலிருந்து போனது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தீர்சோ நாற்காலியில் நேராக உட்கார்ந்தான். குரல் அப்போதும் சாந்தமாகவே இருந்தது.

"அத்தானும் அந்தக் கதவைத் தொடலாமே ஐயா. அவர் வீடு. நான் அன்னிக்குக் கரண்ட் போனதுலேருந்து ரூமை விட்டு நகரல. தலைவலின்னு படுத்திருந்தேன். நேத்தே லெப்டினன்ட்கிட்ட அக்கா சொல்லிட்டாங்க. கேளுங்க."

லெப்டினன்ட் தலையாட்டினார். அது உண்மை. நெரேய்தா அப்படித்தான் வாக்குமூலம் கொடுத்திருந்தாள். அகாபித்தோ பலகையைத் தள்ளி வைத்தார். அவர் கையில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது என்று யோர்தான்காவுக்குப் புரிந்தது. மாமாவின் பலகையும் டப்பாவும் இதுவரைதான் வரும். இனி ஒரே ஒரு வாய் திறந்தால்தான் உண்டு. அது திறக்காவிட்டால் ரிகோ உள்ளேயே கிடந்து கிழவனாவான். ஐயோ, பாவி மனுஷி, அவள் மட்டும் என்ன செய்வாள்?

நெரேய்தா தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா போன பிறகு அவனுக்குச் சோறூட்டி வளர்த்தவள் அவள்தான்.

"நான் சொன்னது பொய்," என்றாள்.

"அக்கா!"

"கரண்ட் போனதும் இவனுக்கு இருட்டு ஆகாதேன்னு மெழுகுவத்தி கொண்டுபோனேன். கட்டில் காலியா கிடந்துச்சு. வந்ததும் கேட்டேன், கரைப்பக்கம் போனேன்னான். போலீஸ் கேட்டப்ப, இவனுக்கு எதுக்கு வீண் தொல்லைன்னு ரூம்ல இருந்தான்னுட்டேன். என் புருஷனைக் கட்டிப் போடற கயிறை நானே திரிச்சிருக்கேன்னு அப்பத் தெரியல."

தீர்சோவின் முகம் அப்போதுதான் உடைந்தது. "எல்லார் முன்னாடியும் சிரிச்சான்க்கா! வாரத்துல பாதி நாள் அவன் வண்டியை நான் ஓட்டறேன்னு கெஞ்சினேன். 'உன் கையில வீல் சுத்தற பொம்மைகூடக் குடுக்க மாட்டேன்'னு சொல்லிச் சிரிச்சான். அவன் சாகணும்னு நான் நினைக்கல. முதல் மூலையிலயே மோதி நின்னுடும், நாலு நாள் சவாரி எனக்கு வரும்னுதான்..."

"முதல் மூலைல நிக்கணும்னா நட்டை முழுசாக் கழட்டியிருப்பே," என்றார் அகாபித்தோ. "நீ கொஞ்சமா தளர்த்தினே. அந்தப் பாதையில வருஷக்கணக்கா ஓட்டினவன் நீ. எங்கே வரைக்கும் தாங்கும்னு உனக்குத் தெரியும். அந்தக் கார்ல ஆறு பொண்ணுங்க ஏறுவாங்கன்னும் தெரியும்."

மிரெலிஸ் எழுந்து, தீர்சோவைப் பார்க்காமல், முற்றத்தை விட்டு வெளியே போய்விட்டாள். ஃபெர்மின் அவள் பின்னாலேயே போனான்.

லெப்டினன்ட் விலங்கை எடுத்தபோது நெரேய்தா கையைக் காட்டி நிறுத்தினாள். உள்ளே போய் ஒரு கோட்டை எடுத்து வந்தாள். ரிகோவின் கோட்டு. தீர்சோவுக்கு அதை மாட்டிவிட்டு, குழந்தைக்குப் போடுவது போல ஒவ்வொரு பொத்தானாகப் போட்டாள்.

"அங்கே குளிரும்," என்றாள். "ஞாயித்துக்கிழமை சாப்பாடு கொண்டு வருவேன்."

"அக்கா, என்னை மன்னிச்சிடுக்கா."

அவள் கழுத்துப் பொத்தானையும் போட்டு முடித்தாள்.

"ரிகோவைக் கூட்டிட்டுப் போனப்ப நான் மயங்கி விழுந்தேன். நீதான் தண்ணி கொண்டு வந்து என் வாயில வச்சே," என்றாள். "உன் கை நடுங்கவே இல்லையேடா."

தீர்சோ தலையைக் குனிந்துகொண்டான். லெப்டினன்ட் அவன் தோளைத் தொட, இருவரும் வாசல் வழியாகக் காற்றுக்குள் இறங்கினார்கள். நெரேய்தா கோப்பைகளை எடுத்துத் தொட்டியில் போட்டுக் கழுவ ஆரம்பித்தாள். யோர்தான்கா போய்ப் பக்கத்தில் நின்று, ஒன்றும் பேசாமல், கழுவியதை வாங்கித் துடைத்தாள்.